சூரியனுக்குள் வைத்தால்கூடவா?

(சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஏற்பாட்டாளர்கள் தலைப்புக் கேட்டபோது ‘வெப்பமும் அடர்த்தியும் மிகுந்த விண்மீன்களுக்குள் அணுக்கருக்களின் கதிரியக்கச் சிதைவு’ என்று எழுதி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் தொலைபேசி வந்தது. “ஐயா, கொஞ்சம் சுருக்கமா இருந்தா நல்லாருக்கும்” என்றார்கள். நாலு பேராவது வருகிற மாதிரி வையுங்கள் என்பதைத்தான் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்கள். அதனால்தான் அழைப்பிதழில் நீங்கள் பார்த்த தலைப்பு. அது என் சொல் அல்ல. ஒரு மாணவன் கேட்ட கேள்வி.

நான் இந்த ஊரில் முப்பது ஆண்டுக்கு மேல் இயற்பியல் கற்பித்தவன். ஆண்டுதோறும் தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்குக் கதிரியக்கப் பாடம் வரும். பலகையில் ஒரு வாக்கியம் எழுதிப் போடுவேன்: அரைவாழ்வு என்பது வெப்பநிலை, அழுத்தம், வேதிச் சேர்க்கை எதனாலும் மாறாது. எழுதி, கீழே இரண்டு கோடு போடுவேன். தேர்வில் இரண்டு மதிப்பெண் நிச்சயம். ஒரு நாள் வகுப்பு முடிந்து தாழ்வாரத்தில் நடக்கும்போது பின்வரிசைப் பையன் ஒருவன் தொடர்ந்து வந்தான். வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில். கேள்வி மட்டும் தமிழில் வந்தது. “சார், சூரியனுக்குள்ள வச்சாக்கூடவா மாறாது?”

“எங்க வச்சாலும் மாறாதுப்பா” என்றேன். அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

அவன் கேட்டது சரி, நான் சொன்னது தவறு. தெரியாமல் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. யோசிக்காமல் சொன்னேன். இன்றைய உரை அவனுக்குத் தரவேண்டிய பாக்கி. வட்டியோடு தருகிறேன்.

முதலில் என் பலகை வாக்கியத்துக்கும் நியாயம் செய்துவிட வேண்டும், ஏனென்றால் பூமியில் அது ஏறக்குறைய முழு உண்மை. நம் மருத்துவமனைகளில் சிலவகைப் புற்றுநோய்களுக்கு லுட்டீஷியம்-177 என்ற கதிரியக்க மருந்தை ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ ஆறரை நாள். ஆறரை நாளில் பாதி அணுக்கள் சிதைந்துவிடும், அடுத்த ஆறரை நாளில் மிச்சத்தில் பாதி. நோயாளிக்குக் காய்ச்சல் 39 டிகிரி என்று எந்த மருத்துவரும் அந்தக் கணக்கைத் திருத்துவதில்லை. மருந்தை வேறொரு மூலக்கூறில் கோத்தாலும் ஆறரை நாள் ஆறரை நாள்தான். ரதர்ஃபோர்டு காலத்திலேயே எஃகுக் கலத்துக்குள் கதிரியக்கப் பொருளை வைத்து, கூடவே வெடிமருந்தை வெடிக்கச் செய்து பார்த்துவிட்டார்கள். அணுக்கரு அசைந்து கொடுக்கவில்லை. அணுக்கருவுக்குள் புழங்கும் ஆற்றல், வேதிவினைகளில் புழங்கும் ஆற்றலைப்போல் லட்சக்கணக்கான மடங்கு. நம் அடுப்பும் உலையும் அதன்மேல் மோதுவது, தேர்ச் சக்கரத்தை ஈ தள்ளுவது மாதிரி.

ஆனால் எல்லாச் சிதைவும் அணுக்கருவின் சொந்த விவகாரம் அல்ல. பீட்டா சிதைவு என்று ஒன்று இருக்கிறது. அதில் அணுக்கருவுக்குள் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. மாறும்போது ஓர் எலக்ட்ரானும் எதிர் நியூட்ரினோவும் பிறந்து வெளியேறுகின்றன. இதற்குத் தலைகீழாகவும் நடக்கும்: ஒரு புரோட்டான், அருகிலிருக்கும் எலக்ட்ரானை உள்ளே இழுத்துக்கொண்டு நியூட்ரானாக மாறும். இதை எலக்ட்ரான் பிடிப்பு என்கிறோம். இந்த இரண்டையும் ஆளும் மென்விசையின் இலக்கணத்தை 1957-ல் ராபர்ட் மார்ஷாக்கோடு சேர்ந்து வகுத்தவர் ஈ. சி. ஜி. சுதர்சன். கோட்டயத்துக்காரர், தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர். அந்த இலக்கணத்துக்குள் இன்று நான் போகவில்லை. நமக்குத் தேவை ஒன்றுதான். ஒரு வகைச் சிதைவில் எலக்ட்ரான் வெளியே போக இடம் வேண்டும். இன்னொரு வகையில் எலக்ட்ரான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆகவே எலக்ட்ரான்களின் நிலைமை தலைகீழாக மாறிப்போகும் இடத்தில் அணுக்கருவின் அரைவாழ்வும் மாறியே தீரும்.

அப்படிப்பட்ட இடம் எது? விண்மீனின் உட்புறம். அங்கே வெப்பம், அணுவைச் சுற்றியிருக்கும் எலக்ட்ரான்களை உரித்தெடுத்துவிடுகிறது. வெப்பம் ஏற ஏற எவ்வளவு உரியும் என்ற சமன்பாட்டை 1920-ல் கல்கத்தாவிலிருந்து தந்தவர் மேகநாத் சாஹா.

பையன் சூரியனைத்தானே கேட்டான், சூரியனையே எடுத்துக்கொள்வோம். அதன் மையத்தில் வெப்பம் ஒன்றரைக் கோடி டிகிரி. அங்கே பெரிலியம்-7 என்ற அணுக்கரு பிறந்துகொண்டே இருக்கிறது. பூமியில் பெரிலியம்-7 தன் உள்கூட்டில் சுற்றும் எலக்ட்ரானைப் பிடித்து லித்தியமாக மாறும். அரைவாழ்வு 53 நாள். இதே அணுக்கருவை, ஓர் எலக்ட்ரான்கூட இல்லாமல் உரித்து வெற்றிடத்தில் மிதக்கவிட்டால் என்ன ஆகும்? பிடிப்பதற்கு ஆளே இல்லை. சிதையாது. அரைவாழ்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. சூரிய மையத்தில் நடப்பது இரண்டுக்கும் நடுவில். பெரிலியத்துக்குச் சொந்த எலக்ட்ரான்கள் பெரும்பாலும் இல்லை. ஆனால் சுற்றிலும் அனாதையாக ஓடும் எலக்ட்ரான்கள் ஏராளம். அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. வீட்டுச் சமையல் இல்லாதவன் சாலையோர அங்காடிக்கடையில் சாப்பிடுவது போலத்தான். கிடைக்கும், ஆனால் அந்த இடத்தின் கூட்டத்தையும் சூட்டையும் பொறுத்துக் கிடைக்கும். ஆகவே அங்கே அதன் அரைவாழ்வு 53 நாள் அல்ல, அதைவிட நீண்டது.

இது வெறும் காகிதக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். அந்தப் பிடிப்பில் பிறக்கும் நியூட்ரினோக்களை இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கு அடியிலிருந்த போரெக்ஸினோ கருவி 2007-ல் நேரடியாகவே பதிவுசெய்தது. உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அதன் வழியாக விநாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் போகின்றன. அதில் சுமார் 500 கோடி இந்தப் பெரிலியத்தின் பிள்ளைகள். இப்போது இரவாகிவிட்டதே என்று கேட்கக்கூடாது. இரவில் அவை பூமியைத் துளைத்துக் காலடி வழியாக வருகின்றன.

நியூட்ரினோ என்றதும் கோலார் தங்கவயலைச் சொல்லாமல் விட மனமில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்கு ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் கீழே, 1965-ல் டாட்டா ஆய்வுக் கழகத்தாரும் ஜப்பானியரும் பிரிட்டிஷாரும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள். அந்தத் தங்கவயலை உருவாக்கிய சுரங்கத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வடஆற்காடு, தருமபுரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தார். அவர்கள் வெட்டிய ஆழம் இல்லாவிட்டால் அந்தச் சோதனை நடந்திருக்காது.

சூரியனில் பெரிலியத்துக்கு நேர்ந்தது சின்ன மாற்றம். இனிச் சொல்லப்போவது, நான் முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்த ஒன்று.

ரீனியம்-187 என்று ஓர் உலோக அணுக்கரு. பூமியில் அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 4,200 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடிதான். ஏன் இவ்வளவு மந்தம்? பீட்டா சிதைவில் எலக்ட்ரானை வெளியே அனுப்ப அதன் கையில் மிகமிகக் கொஞ்சம் ஆற்றல்தான் இருக்கிறது. ஈஸிலிங்க் அட்டையில் கடைசிச் சில காசு வைத்துக்கொண்டு எம்ஆர்டி வாசலில் நிற்பவன் மாதிரி. அணுவுக்கு உள்ளேயே உட்காரலாம் என்றால் அங்கே 75 எலக்ட்ரான்களும் தத்தம் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. உட்கூட்டில் இடமே இல்லை. வெளியேறத்தான் வேண்டும், வெளியேறக் காசு இல்லை.

இப்போது அந்த 75 எலக்ட்ரான்களையும் உரித்துவிடுங்கள். அணுக்கருவுக்கு மிக நெருக்கமான இருக்கை காலி. பிறக்கும் எலக்ட்ரான் வெளியே போகவே வேண்டாம், வாசலிலேயே உட்கார்ந்துவிடலாம். அப்படி உட்காரும்போது ஆற்றல் செலவாவதில்லை, லாபமாகிறது. கையில் காசில்லாதவனுக்கு வீட்டு வாசலிலேயே வேலை கிடைத்த கதை. அணுவுக்குள்ளேயே கட்டுண்டு தங்கும் இந்தச் சிதைவை 1940-களிலேயே பிரெஞ்சுக்காரர்கள் கணித்திருந்தார்கள். நிரூபிக்கத்தான் ஆளில்லை, ரீனியத்தின் எல்லா எலக்ட்ரான்களையும் உரிப்பது என்ன, பலாப்பழம் உரிப்பதா?

ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் ஜிஎஸ்ஐ என்ற அயனி ஆய்வுக்கூடம் உண்டு. அங்கே 108 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வளையம். (நூற்றெட்டு என்றதும் நம்மவர்களுக்குக் கோயில் பிரகாரம் ஞாபகம் வரும். அவர்களுக்கு அந்த எண்ணம் இருந்திருக்காது.) முழுக்க உரித்த அணுக்கருக்களை அந்த வளையத்துக்குள் விநாடிக்குப் பத்து லட்சம் முறைக்கு மேல் சுற்றவிட்டு, மணிக்கணக்கில் தேக்கிவைத்தார்கள். 1992-ல் முதலில் டிஸ்ப்ரோசியம்-163. பூமியில் அது சிதையவே சிதையாத அணுக்கரு. உரித்ததும் 47 நாள் அரைவாழ்வில் சிதைந்தது. பிறகு 1996-ல் ரீனியம். விடை: சுமார் 33 ஆண்டு.

4,200 கோடி ஆண்டு, 33 ஆண்டாகிவிட்டது. நூறு கோடி மடங்குக்கு மேல் வேகம். அணுக்கரு அதே அணுக்கரு. ஒரு புரோட்டான் கூடவில்லை, ஒரு நியூட்ரான் குறையவில்லை. வெளியே உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டோம், அவ்வளவுதான். என் இரண்டு கோடு போட்ட வாக்கியத்தை அன்றே திருத்தியிருக்க வேண்டும்.

இதில் நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. ரீனியம் ஆஸ்மியமாக மாறும் விகிதத்தை வைத்துப் பால்வீதியின் வயதைக் கணிக்கலாம் என்று 1964-ல் டொனால்ட் கிளேட்டன் காட்டினார். ஆனால் அந்த ரீனியம் நம்மிடம் வந்து சேருமுன் இன்னொரு விண்மீனின் வயிற்றுக்குள் போய்வந்திருந்தால்? அடுப்பில் விழுந்து எழுந்த கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்வது போலாகிவிடும். எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரம், எத்தனை எலக்ட்ரான் உரிந்த நிலையில் கிடந்தது என்றெல்லாம் திருத்திக்கொண்டுதான் வயது சொல்ல முடியும். 1980-களில் ஜப்பானியர்களான தகஹாஷியும் யோக்கோயும் இந்தத் திருத்தங்களைக் கனமான அணுக்கருக்களுக்கெல்லாம் வரிசையாகக் கணித்துவைத்தார்கள். பொறுமைக்குப் பரிசு உண்டென்றால் அதற்குத் தரவேண்டும்.

மிக அண்மையில், 2024-ல், அதே டார்ம்ஸ்டாட் வளையத்திலிருந்து தாலியம்-205 பற்றிய முடிவு வெளியானது. அந்தக் காலத்து எலிப்பாஷாணத்தில் இருந்த தாலியம்தான். பூமியில் சிதையாதது. உரித்தால் 291 நாள் அரைவாழ்வில் ஈயம்-205 ஆகிறது. பூமியில் இதற்கு நேர் எதிர்த்திசையில், ஈயம்-205 தான் மெல்ல மெல்ல, 1.7 கோடி ஆண்டு அரைவாழ்வில், தாலியமாக மாறும். ஆற்றின் ஓட்டமே திரும்புகிறது, பார்த்தீர்களா? இந்த எண்ணை வைத்துக்கொண்டு, சூரியனாகப்போகும் வாயு மேகம் மற்ற விண்மீன்களிடமிருந்து பிரிந்து தனியே இருந்த காலம் ஒன்று முதல் இரண்டு கோடி ஆண்டு என்று கணக்குச் சொல்கிறார்கள். நாம் உருவாகுமுன் நம் பொருள் காத்துக்கிடந்த காலம் அது.

வெப்பத்தைப் பேசியாயிற்று. அடர்த்திக்கு வருவோம். இங்கேதான் நம் ஊர்ப் பையன் ஒருவன் வருகிறான்.

சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910-ல் லாகூரில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் கடற்கரையோரம் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1928-ல் ஜெர்மன் அறிஞர் சொம்மர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது தேடிப்போய்ப் பார்த்தார். நீ படித்துவைத்திருக்கும் பழைய அணுவியல் எல்லாம் போய்விட்டது, புதிய குவாண்டம் கணக்கு வந்துவிட்டது என்று அவர் சொன்னதைக் கேட்டுச் சோர்ந்துபோகாமல் அந்தப் புதியதைக் கற்றுக்கொண்டார். 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். வயது பத்தொன்பது. நம்மில் பலருடைய அப்பாக்கள் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கே வந்தவர்கள். கப்பலில் நேரம் எப்படிப் போகும் என்று கேட்டிருப்பீர்கள்: சீட்டாட்டம், வாந்தி, ஊர்க்கதை. சந்திரசேகர் வெண்குறுமீனின் கணக்கைப் போட்டுக்கொண்டு போனார்.

லண்டனில் 1935 ஜனவரியில் வானியலறிஞர் எடிங்டன் அவரைச் சபையில் கேலிசெய்த கதையை எல்லாரும் சொல்லியாயிற்று. நான் விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்வேன். தமிழ் மேடைகளில் சந்திரசேகரை அவமானப்பட்டு ஜெயித்த கதாநாயகனாகவே கொண்டாடுகிறோம். அவர் என்னதான் சொன்னார், 1.44 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று மாலை போடுகிறவர்கள் கேட்பதில்லை. இன்று கேட்போம்.

எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறுமீன் ஆகிறது. சூரியனளவு பொருள், பூமியளவு உருண்டைக்குள். ஒரு தேக்கரண்டி எடுத்தால் டன் கணக்கில் எடை. இதை எது தாங்கிப்பிடிக்கிறது? எலக்ட்ரான்களின் நெருக்கடி. வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியை நினைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்கு ஒரு வீடு, வீட்டுக்கு இரண்டே பேர், மூன்றாவது ஆளுக்குச் சட்டப்படி அனுமதி கிடையாது. 1925-ல் பவுலி கண்ட சட்டம் அது. கீழ்த்தளங்கள் நிரம்பிவிட்டால் வருகிறவர் மேலே மேலேதான் போக வேண்டும். மேல்தளம் என்றால் அதிக ஆற்றல், அதிக வேகம். குளிர்ந்தாலும் அவர்களால் கீழே இறங்க முடியாது, இறங்க இடமில்லை. அந்த மேல்தளக்காரர்களின் ஓட்டம்தான் விண்மீனைத் தாங்கும் அழுத்தம். எடை கூடக் கூட நெருக்கம் கூடும், மேல்தளக்காரர்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும். அதற்குமேல் வேகம் ஏற வழியில்லை. அங்கே தாங்கும் சக்தி எடையோடு போட்டிபோட முடியாமல் தோற்கிறது. அந்த எல்லைதான் சந்திரசேகர் எல்லை: 1.44 சூரிய எடை.

இந்த அடுக்குமாடிக்குள் ஒரு கதிரியக்க அணுக்கருவை வைப்போம். பீட்டா சிதைவில் அது ஓர் எலக்ட்ரானை வெளியே அனுப்ப வேண்டும். அதன் கையிலிருக்கும் ஆற்றலுக்குப் பத்தாவது தளம்வரைதான் போக முடியும். கட்டடமோ இருபதாவது தளம்வரை நிரம்பியிருக்கிறது. அனுப்ப இடமில்லை. சிதைவு நின்றுவிடுகிறது. தனித்துவிட்ட நியூட்ரானின் அரைவாழ்வு பத்து நிமிடம் சொச்சம். அதே நியூட்ரான், நியூட்ரான் விண்மீனுக்குள் கோடிக்கணக்கான ஆண்டு அப்படியே இருக்கிறது. அதன் இயல்பு மாறிவிடவில்லை, போக வீடு இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. இருபதாவது தளத்துக்காரர்களுக்கு ஆற்றல் மிதமிஞ்சி இருக்கிறது. அவர்கள் பக்கத்திலிருக்கும் நல்ல, நிலையான அணுக்கருக்களுக்குள் புகுந்துவிடுகிறார்கள். வாசலில் தேநீரோடு வடை வைத்திருந்தார்கள். அதில் உப்பு இருக்கிறது, உப்பில் சோடியம். இயற்கையில் கிடைக்கும் சோடியம் அத்தனையும் சோடியம்-23, பூமியில் காலகாலத்துக்கும் சிதையாதது. அதைக் கன சென்டிமீட்டருக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் அடர்ந்த விண்மீன் மையத்தில் போட்டால், ஓர் எலக்ட்ரானை விழுங்கி நியான்-23 ஆகிவிடும். விண்மீனின் கொதிப்பில் அந்த நியான் கொஞ்சம் மேலே, அடர்த்தி குறைந்த பக்கம் தூக்கி வரப்பட்டால், அங்கே வீடு காலியாக இருக்கிறது. எலக்ட்ரானை உமிழ்ந்து மறுபடியும் சோடியம். கீழே இறங்கினால் நியான், மேலே ஏறினால் சோடியம். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு நியூட்ரினோவோ எதிர் நியூட்ரினோவோ ஆற்றலை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விடுகிறது. உப்பே விண்மீனைக் குளிர்விக்கிறது.

ஜார்ஜ் கேமோவும் பிரேசில்காரர் மாரியோ ஷென்பெர்கும் 1941-ல் இதற்கு ‘உர்கா’ என்று பெயர் வைத்தார்கள். அறிவியல் சொல் என்று அகராதியில் தேடாதீர்கள். ரியோ டி ஜெனீரோவில் இருந்த சூதாட்ட விடுதியின் பெயர் அது. அங்கே பணம் மறைகிற வேகத்தில் விண்மீனின் மையத்தில் ஆற்றல் மறைகிறது என்பது அவர்களுடைய நகைச்சுவை. இங்கே மெரினா பேயில் சிங்கப்பூரர்கள் உள்ளே கால்வைக்கவே நாளுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். கேமோ வந்திருந்தால் வாசலிலேயே ஒரு கட்டுரை எழுதியிருப்பார்.

இப்போது எல்லா நூலும் ஓரிடத்தில் சேர்கிறது. மார்கழித் திருவாதிரைக்கு நாம் களி கிண்டுகிறோமே, அந்தத் திருவாதிரை விண்மீன் ஒரு சிவப்புப் பேருரு. அந்த மாதிரிப் பெரிய விண்மீனின் கடைசிக் கட்டத்தில் நடுவில் இரும்புக் கரு உருவாகிறது. அந்தக் கருவைத் தாங்குவதும் எலக்ட்ரான் நெருக்கடியே. ஆகவே அதற்கும் சந்திரசேகர் எல்லை உண்டு. ஆனால் அந்த எல்லை மாறாத எண் அல்ல. சந்திரசேகர் 1931-ல் முதலில் அச்சிட்ட எண் 1.44 அல்ல, 0.91 சூரிய எடை. கணக்குத் தப்பில்லை. ஓர் எலக்ட்ரானுக்கு எத்தனை அணுக்கருத் துகள்கள் என்ற விகிதத்தை இரண்டரை என்று எடுத்திருந்தார். அது இரண்டு என்று வைத்தால் 1.44. துகளுக்குத் தாங்கும் எலக்ட்ரான் குறைந்தால் எல்லையும் குறையும், அதுவும் இருமடியாகக் குறையும்.

இரும்புக் கருவுக்குள் எலக்ட்ரான் பிடிப்பு தொடங்கினால் நடப்பது இதுதான். ஒவ்வொரு பிடிப்பும் தாங்கிநின்ற ஓர் எலக்ட்ரானைக் காணாமல் போக்குகிறது. விகிதம் ஏறுகிறது. எல்லை இறங்குகிறது. நேற்றுவரை பத்திரமாக இருந்த கரு, தன் எடையில் குன்றிமணி கூடாமலே, எல்லைக்கு மேல் போய்விடுகிறது. வீட்டில் ஆள் வளரவில்லை. கூரை கீழே இறங்கி வந்து தலையில் இடிக்கிறது. பிறகு ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் கரு இடிந்து விழுகிறது.

ஆகவே எந்த அணுக்கரு எந்த அடர்த்தியில் என்ன வேகத்தில் எலக்ட்ரானைப் பிடிக்கும் என்ற அட்டவணை, விண்மீனின் மரணக் கணக்கு. அந்த அட்டவணையை 1980 முதல் 1985 வரை போட்டவர்கள் ஜார்ஜ் ஃபுல்லர், வில்லியம் ஃபௌலர், மைக்கேல் நியூமன். இரண்டாவது பெயரைக் கவனியுங்கள். 1983-ல் சந்திரசேகரோடு நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டவர் இதே ஃபௌலர். அறிவிப்பு வந்த அக்டோபர் 19 சந்திரசேகரின் எழுபத்துமூன்றாவது பிறந்தநாள். அந்த ஆண்டு இரண்டு வெவ்வேறு வேலைகளுக்குப் பரிசைப் பிரித்துத் தந்தார்கள் என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருவர் அடுக்குமாடியைக் கட்டினார், இன்னொருவர் அதில் குடியிருக்கும் அணுக்கருக்களின் தலைவிதியை எழுதினார் என்று இப்போது நினைக்கிறேன். ஃபௌலர் குழுவின் எண்களும் கடைசி வார்த்தை அல்ல. 2000-ஐ ஒட்டி வேறொரு குழு இரும்புப் பக்கத்து அணுக்கருக்களுக்கு மறுபடி கணித்தபோது வேகம் பல இடங்களில் பத்து மடங்குவரை குறைந்தது.

அந்த இடிபாட்டில் நியூட்ரினோவுக்கு நேர்வதையும் சொல்லிவிடுகிறேன். உட்லண்ட்ஸில் இருந்துகொண்டு சொல்லாமல் போனால் நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள். பூமியையே துளைத்துப் போகிற நியூட்ரினோ, இடிந்த கருவின் அடர்த்தியில் மாட்டிக்கொள்கிறது. நீண்ட வார இறுதியில், வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஜொகூருக்குப் போகும் நம் கடற்பாலம். பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம், நடந்தால் கால்மணி நேரம். ஆனால் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வீர்கள் என்று சொல்ல முடியுமா? நியூட்ரினோவும் மோதி, திரும்பி, ஊர்ந்து வெளியே வரச் சில விநாடி பிடிக்கிறது. ஒளிவேகத்தில் போகும் ஒன்றுக்குச் சில பத்து கிலோமீட்டரைக் கடக்கச் சில விநாடி என்றால் அது கடற்பால நெரிசல்தான். 1987 பிப்ரவரி 23 அன்று பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த சூப்பர்நோவாவிலிருந்து ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் பிடிபட்டவை மொத்தம் இருபத்துச் சொச்சம் நியூட்ரினோக்கள். அவை ஒரே கணத்தில் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு விநாடிக்குப் பரவி வந்தன. வரிசையில் நின்றிருந்ததற்கு அதுதான் சாட்சி.

வெடித்துச் சிதறி வெட்டவெளிக்கு வந்ததும் நெருக்கடி தீர்ந்தது. பிறகு அந்தச் சூப்பர்நோவாவின் வெளிச்சம் மாதக்கணக்கில் மங்கியது, 77 நாளுக்குப் பாதி என்ற கணக்கில். அது கோபால்ட்-56 அணுக்கருவின் அரைவாழ்வு. நம் பாடநூலில் இருக்கும் அதே எண். வெளியே வந்துவிட்டால் பாடநூல் சரிதான்.

ஆகவே இங்கிருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். பலகை வாக்கியத்தை அழிக்க வேண்டாம். ‘பூமியில் நம் கைக்கெட்டும் வெப்பத்திலும் அழுத்தத்திலும்’ என்று தொடக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், போதும். மதிப்பெண் குறையாது. பூமியிலும்கூட பெரிலியம்-7 போன்ற ஓரிரண்டு, வேதிச் சூழலுக்கேற்ப ஏறத்தாழ ஒரு சதவீத அளவில் அசைந்து கொடுக்கின்றன என்று கேட்கிற பிள்ளைக்கு மட்டும் சொல்லுங்கள். கொல்கத்தா சைக்ளோட்ரான் மையத்தில் அதைத் தங்கத்திலும் வேறு பொருள்களிலும் பதித்து அளந்திருக்கிறார்கள். பின்வரிசையிலிருந்து தாழ்வாரம்வரை தொடர்ந்து வருகிற பிள்ளை இருந்தால், மணி அடித்தாலும் நின்று பதில் சொல்லுங்கள்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல் உட்லண்ட்ஸ் கடலோரப் பூங்காவுக்குப் போங்கள். ஜொகூர் விளக்குகளுக்கு முதுகு காட்டி நின்று, தலைக்கு மேலே சற்றுத் தெற்கே பாருங்கள். வானத்திலேயே மிகப் பிரகாசமான விண்மீன் தெரியும். அது சிரியஸ், 8.6 ஒளியாண்டுத் தொலைவு. அதைச் சுற்றிவரும் துணை ஒன்று உண்டு. 1862-ல் தொலைநோக்கியில் கண்டுபிடித்தார்கள், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பூமியளவு உருண்டை, வெண்குறுமீன், முழுக்க எலக்ட்ரான் நெருக்கடியில் நிற்பது. அதன் எடை சூரியனைப்போல் 1.02 மடங்கு. சந்திரசேகர் எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது.